மோதிரம் தொலைந்த மந்திரவாதி

ஸ்டிஜியா என்று ஒரு தேசம். அட்லஸில் தேடாதீர்கள், கிடைக்காது. அட்லாண்டிஸ் கடலில் மூழ்கிய பிறகு, நம் வாத்தியார்கள் சொல்லித் தந்த சரித்திரம் தொடங்குவதற்கு முன்பு, இடையில் யாருக்கும் தெரியாமல் ஒரு யுகம் இருந்ததாம். அந்த யுகத்து ராஜ்யம். வடக்கே ஸ்டிக்ஸ் என்ற ஆறு. அதைத் தாண்டினால் மணல், மணல், மேலும் மணல். நடுநடுவே கறுப்புக் கோட்டைச் சுவர்கள், பிரமிடுகள். ராஜா உண்டு. ஆனால் ராஜாவைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் பாம்புக் கடவுள் 'செட்'டின் பூசாரிகளிடம். அவர்கள்தான் மந்திரவாதிகள். அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

இந்த ஊரைக் கட்டியவர் ராபர்ட் ஈ. ஹோவர்ட். சிமென்ட் இல்லாமல், செங்கல் இல்லாமல், ஒரு டைப்ரைட்டரை மட்டும் வைத்துக் கட்டினார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் க்ராஸ் ப்ளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் வாழ்ந்தவர். கானன் என்ற வாள்வீரனை உண்டாக்கியவர் என்றால் சட்டென்று புரியும். 1982-ல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் சட்டை போடாமல் நடித்தாரே, அதே கானன்தான்.

எனக்குக் கானன் மேல் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. காரணம் எளிது. அவனுக்குப் புஜம் இருக்கிறது, எனக்கு இல்லை. எனக்குப் பிடித்தவன் தோத்-அமோன். ஸ்டிஜியாவின் பெரிய மந்திரவாதி. பின்னால் வந்த கதாசிரியர்களும் காமிக்ஸ்காரர்களும் இவனைக் கானனின் பரம வைரியாக்கி, நம்பியார் ரேஞ்சுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் ஹோவர்ட் எழுதிய கதைகளில் கானனும் இவனும் ஒரு தடவைகூட நேருக்கு நேர் மோதிக்கொள்ளவில்லை. அதைவிட ஆச்சரியம், இவன் அறிமுகமாகும் காட்சி. 1932 டிசம்பர் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் வந்த 'தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வோர்ட்' என்ற கதை. அச்சில் வந்த முதல் கானன் கதையே அதுதான். அதில் தோத்-அமோன் என்ன உத்தியோகத்தில் வருகிறான், சொல்லுங்கள் பார்ப்போம்?

எடுபிடி!

ஆமாம் சார். அஸ்கலாண்டே என்ற கொள்ளைக்காரனுக்கு எடுபிடி அடிமை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, சொன்னதைச் செய்கிற ஆசாமி.

என்ன நடந்தது? ஸ்டிஜியாவில் டெஸிஃபோன் என்று ஒரு ராஜா. மற்ற மந்திரவாதிகளையெல்லாம் உயரத்திலிருந்து இறக்கிவிட்டு, தோத்-அமோனைத் தூக்கி உச்சாணிக் கொம்பில் வைத்தான். மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன்? தோத்-அமோன் விரலில் ஒரு மோதிரம். பாம்பு சுருண்ட மாதிரி. சக்தி எல்லாம் அதில். ஒருநாள் ஒரு திருடன் அதை அடித்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். நேற்று வரை கும்பிட்ட சக மந்திரவாதிகள் இன்றைக்குக் கொல்ல வந்தார்கள். தோத்-அமோன் ஒட்டகம் ஓட்டுகிறவன் வேஷத்தில் எல்லை தாண்டி ஓடினான். வழியில் அஸ்கலாண்டேயின் ஆட்கள் பயணக் கூட்டத்தை வெட்டிச் சாய்த்தார்கள். தோத்-அமோன் மட்டும், நான் இன்னார் என்று உண்மையைச் சொல்லி, அடிமையாக இருக்கிறேன் என்று சத்தியம் செய்து உயிர் பிழைத்தான்.

இனிமேல்தான் விஷயம். மந்திரவாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் நிம்மதியாகத் தூங்க முடியுமா? அஸ்கலாண்டே முடியும் என்றான். தோத்-அமோன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்ற விவரத்தை ஓர் ஓலையில் எழுதினான். சீல் வைத்தான். தூரத்தில் இருக்கிற ஒரு துறவியிடம் கொடுத்தான். 'எனக்கு ஏதாவது ஆனால் இதைப் பிரித்துப் படியும்.' முடிந்தது கதை. பூதங்களை ஏவத் தெரிந்தவன் ஒரு காகிதத்துக்குப் பயந்து, எஜமானனுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டு நிற்கிறான்.

ஆபீஸில் வேலை பார்க்கிற எவருக்கும் இது மாயாஜாலக் கதையாகத் தெரியாது. 'உன் ஃபைல் என்கிட்ட இருக்கு' என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

மோதிரம் கடைசியில் கிடைக்கிறது. டியோன் என்ற குண்டுப் பிரபு, விவரம் தெரியாமல், ராசியான மோதிரம் என்று நினைத்து வாங்கி வைத்திருக்கிறான். தோத்-அமோன் அவனிடம் போய்த் தன் சோகக் கதையைச் சொல்கிறான். தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். பிரபு காதில் வாங்கவே இல்லை. ஏதோ யோசனையில், பேச்சுவாக்கில் தன் ராசி மோதிரத்தைப் பற்றிச் சொல்கிறான். அடுத்தவன் குறையைக் காது கொடுத்துக் கேட்காத அந்தப் பழக்கம் பிரபுவின் உயிரை வாங்கிவிட்டது. மோதிரம் விரலில் ஏறியதும் எடுபிடி மறுபடி எமனாகிறான். ஆள் அதே ஆள். விரலும் அதே விரல்.

ஓய்வு பெற்ற அதிகாரிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த இடம் ஞாபகம் வரும். ரப்பர் ஸ்டாம்ப் மேஜை மேல் இருக்கிற வரைக்கும் வராந்தாவில் கும்பல். முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குச் சந்தன மாலை, வெள்ளித் தட்டு. ஒன்றாம் தேதி காலையில் அதே மனிதர் ஈ.பி. பில் கட்ட வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்த்து, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெருசு' என்கிறான்.

இன்னொரு சுவாரஸ்யம். இந்தக் கதை புதுச் சரக்கே அல்ல. குல் என்ற வேறொரு ராஜாவை வைத்து ஹோவர்ட் முன்பே எழுதி, விலை போகாமல் திரும்பி வந்த கதை. அதில் ஒரு காதல் விவகாரம் இருந்தது. தோத்-அமோன் கிடையாது. காதலை வெட்டினார், மந்திரவாதியைச் சேர்த்தார், குல்லை எடுத்துவிட்டுக் கானனைப் போட்டார். விற்றுவிட்டது! உலகப் புகழ்பெற்ற ஸ்டிஜிய மந்திரவாதி, திரும்பி வந்த ஒரு கையெழுத்துப் பிரதியில் போட்ட ஒட்டு.

பெயர்களில்கூட அப்படித்தான், கிடைத்ததை வைத்துச் சமைத்தார். எகிப்தில் தோத் ஒரு கடவுள், அமோன் ஒரு கடவுள். இரண்டையும் சேர்த்து ஒரு வில்லன். ஸ்டிக்ஸ் கிரேக்கர்களின் நரகத்து நதி. அதைத் தூக்கி நைல் இருக்கவேண்டிய இடத்தில் ஓடவிட்டார். நண்பர் லவ்கிராஃப்ட்டே, ஹோவர்டின் பெயர்கள் நிஜ சரித்திரத்துப் பெயர்களை ரொம்பவும் ஒட்டி இருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். செட் விஷயத்தில் மனிதர் உல்டாவே அடித்தார். எகிப்தியர்களின் செட் பாம்பு அல்ல. சூரியனின் படகில் முன்னால் நின்று, அதை விழுங்க வரும் ராட்சதப் பாம்பை ஈட்டியால் குத்துகிறவர். காவல்காரரைப் பிடித்துத் திருடன் பட்டியலில் சேர்த்துவிட்டார் ஹோவர்ட்.

ஆனால் பூசாரி ராஜ்யம் முழுக் கற்பனையும் இல்லை. கி.மு. 1080 வாக்கில், தீப்ஸ் நகரத்தில் அமோன் கோவிலின் தலைமைப் பூசாரி ஹெரிஹோர், மன்னர்கள் மட்டுமே தங்கள் பெயரைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் நீள்வட்டத்தைத் தன் பெயருக்கும் போட்டுக்கொண்டார். வடக்கே நிஜ மன்னர் பதினோராம் ராம்சேஸ் உயிரோடுதான் இருந்தார். தெற்கே அதிகாரம் கோவிலில் இருந்தது. மந்திரம் தேவைப்படவில்லை. நிலமும் படையும் கையில் இருந்தன, போதாதா?

சரி, ஸ்டிஜியாவுக்குத் திரும்புவோம். அந்த நாட்டை உள்ளே போய்ப் பார்க்கவேண்டுமானால் 'தி அவர் ஆஃப் தி டிராகன்' நாவலைப் படிக்கவேண்டும். ஹோவர்ட் எழுதிய ஒரே முழுநீளக் கானன் நாவல். 1935 டிசம்பர் முதல் 1936 ஏப்ரல் வரை தொடராக வந்தது. பறிபோன ராஜ்யத்தை மீட்க ஒரு ரத்தினக்கல் வேண்டும். அதைத் தேடிக் கானன், மீனவன் மாதிரி வேஷம் போட்டு, ஸ்டிக்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள கெமி என்ற துறைமுகத்துக்குள் நுழைகிறான். வெளிநாட்டுக்காரன் என்றால் தூதுவனோ, லைசென்ஸ் வாங்கிய வியாபாரியோதான் உள்ளே வரலாம். அவனும் இருட்டிய பிறகு கரையில் இருக்கக்கூடாது.

ஏன் கூடாது என்பது சீக்கிரமே தெரிகிறது. இருட்டுத் தெருவில் ஒரு மலைப்பாம்பு வருகிறது. கோவில் பாம்பு. செட்டின் பிள்ளை. ராத்திரியில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். பசித்தால் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அது கொலை இல்லை, பலி.

பாம்பு வருவதைப் பார்த்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஓடவில்லை. கதவைச் சாத்தவில்லை. அப்படியே மண்டியிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். யார் பக்கம் திரும்புகிறதோ அவர் கணக்கு முடிந்தது. மற்றவர்கள் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அன்றைக்குப் பாம்பு வெளியூர் ஆளிடம் வருகிறது. கானன் கத்தியை உருவிக் குத்திவிடுகிறான். பாம்பு செத்தது.

தெருவே திரண்டு அவனுக்கு மாலை போட்டதா? இல்லை. 'பாவி! சாமியைக் கொன்னுட்டான்!' என்று கல்லை எடுத்துக்கொண்டு துரத்துகிறது. எந்த வாய்க்குள் போகக் காத்திருந்தார்களோ அந்த வாயை அடைத்தவன் மேல்தான் அத்தனை கோபமும்!

நான் இந்த இடத்தை முதல் தடவை படித்தபோது, ஹோவர்ட் இங்கே கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்று நினைத்தேன். மனிதர்கள் இப்படி இருப்பார்களா? பிறகு எனக்கு வேலை கிடைத்தது.

கம்பெனி பெயர் வேண்டாம். இருநூறு பேர் உட்கார்ந்த ஒரு ஹால். நஷ்டம் என்று ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த வருஷம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி சுமாருக்கு மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வருவார். கையில் மடித்த ஒரு காகிதம். நிதானமாக நடப்பார். ஹாலில் கீபோர்டு சத்தம் திடீரென்று அதிகமாகும். எல்லாத் தலைகளும் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். யார் மேஜை பக்கத்தில் அந்த ஷூ சத்தம் நிற்கிறதோ, அவர் எழுந்து பின்னால் போவார். நாற்காலி முதுகில் கோட்டு மாதிரி தொங்கவிட்ட துண்டு, பாதி குடித்த தண்ணி பாட்டில், குழந்தை ஃபோட்டோ, எல்லாம் மேஜையில் இருக்கும். ஆள் திரும்பி வரமாட்டார். செக்யூரிட்டி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து எடுத்துப் போவார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு மறு திங்கள். கேண்டீன். நான் என் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'எந்தக் கணக்கில் ஆளை எடுக்கிறாங்க? எழுதிக் கேட்டால் என்ன? பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் போதுமே?'

மேஜை அமைதியாகிவிட்டது. எதிரில் இருந்தவர் சாம்பார் சாதத்தை மூடினார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், தினமும் எனக்கு ஊறுகாய் கொடுக்கிறவர், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். 'தம்பி, இந்தப் பேச்சைப் பேசறதா இருந்தா வேற மேஜையில போய் உட்காருங்க. எனக்கு ரெண்டு பொண்ணு' என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. கோபமும் இருந்தது. அந்தக் கோபம் மேனேஜர் மேல் அல்ல. என் மேல்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு ரெண்டு பொண்ணு இருந்தது நிஜம். ஹோம் லோன் இருந்தது நிஜம். கெமி நகரத்தில் மண்டியிட்ட ஒவ்வொருவருக்கும் வீட்டில் ரெண்டு பிள்ளை இருந்திருக்கும். அதைப் பற்றிக் கதையில் எழுதவில்லை, அவ்வளவுதான். குனிந்தால் இன்றைக்குத் தப்பிக்கலாம் என்பது அவர்கள் கண்ட அனுபவம். இருநூறு பேரில் நாலு பேர்தானே போகிறார்கள்? மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றாறு பேருக்கும் குனிந்தது பலித்ததாகவே தோன்றும். அடுத்த மாதமும் குனிவார்கள். பாம்புக்கு அதுதான் தீனி.

அடுத்த வருஷம் அந்த மேனேஜரையே ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை, உயரம்கூடக் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. அவரே வந்து பேசினார். 'உங்க கம்பெனியில ஏதாவது வேக்கன்ஸி இருந்தா சொல்லுங்க தம்பி' என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்: 'அந்த லிஸ்ட் நான் போட்டதுன்னு எல்லாரும் நினைச்சீங்க. எனக்கு மேலேருந்து வரும். என் பேர் அதுல இருக்கான்னுதான் நான் முதல்ல பார்ப்பேன்.'

தோத்-அமோன், டீ கிளாஸோடு!

ஹோவர்டிடம் எனக்கு ஒரு புகாரும் உண்டு. ஸ்டிஜியாவில் மேல்தட்டு வெளுப்பு. கீழே இறங்க இறங்க நிறம் கறுக்கும். பல கதைகளில் கறுப்பு நிறம் என்றாலே காட்டுமிராண்டித்தனம் என்ற பார்வை இருக்கிறது. அந்தக் காலத்து டெக்ஸாஸ் அது. அதற்காக நாம் கண்ணை மூடிக்கொண்டு படிக்கவேண்டியதில்லை. தெருவில் மண்டியிட்ட மக்களை அவ்வளவு சரியாகப் பார்த்த கண்ணுக்கு, இது கடைசி வரை தெரியாமலே போனது.

மற்றபடி அவர் வாழ்க்கை நமக்கு ரொம்பப் பழக்கமான வாழ்க்கை. மருந்துக்கடையில் சோடா கலக்கிக் கொடுத்தார். வக்கீல் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தார். எண்ணெய்க் கிணறு பற்றிப் பத்திரிகைக்குச் செய்தி எழுதினார். அப்பா டாக்டர். 'கணக்கெழுதும் கோர்ஸை முடித்துவிடு, ஒரு வருஷம் எழுதிப் பார்க்க விடுகிறேன்' என்று ஒப்பந்தம். 1927-ல் கோர்ஸை முடித்தார். ஸ்டிஜியாவைக் கட்டியவர் முறையாகப் படித்துத் தேறிய ஒரு புக் கீப்பர்!

கணக்கு தெரிந்தவருக்கே கணக்கு தீரவில்லை. முதல் கதைக்குச் சொல்லுக்கு அரை சென்ட் கணக்கில் 16 டாலர் கிடைத்தது. பிறகு ரேட் கூடியது, ஆனால் காசு கைக்கு வரவில்லை. 'வியர்ட் டேல்ஸ்' கதை அச்சான பிறகுதான் பணம் தரும்; அதையும் இழுத்தடித்தது. அம்மாவுக்கு காசநோய். ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரித்தது. 1935 மே மாதம் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்கு வரவேண்டியது 800 டாலருக்கு மேல் நிற்கிறது, ரொம்ப நெருக்கடி, கொஞ்சமாவது மாதாமாதம் அனுப்புங்கள் என்று சாராம்சம். மந்திரவாதிகளின் ராஜ்யத்தை உண்டாக்கிய மனிதர், தன் சொந்தச் சம்பளத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். அதே வருஷக் கடைசியில் கெமி நகரம் வரும் நாவல் அதே பத்திரிகையில் ஆரம்பமானது. வேறு பத்திரிகைகளுக்கும் எழுதினார்தான். ஆனாலும் இங்கே கதை கொடுப்பதை நிறுத்திவிட முடியவில்லை. நமக்குத் தெரியாததா?

1936 ஜூன் 11. அம்மாவுக்கு இனி நினைவு திரும்பாது என்று தெரிந்த காலையில், ஹோவர்ட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 30. பணம் பாக்கியாகவே நின்றது. நாவல் புத்தகமாக வந்தது 1950-ல். அறுபதுகளின் பிற்பகுதியில் மலிவுப் பதிப்புகள் லட்சக்கணக்கில் விற்றன. 1970-ல் மார்வல் காமிக்ஸ், 1982-ல் சினிமா, அப்புறம் கம்ப்யூட்டர் கேம்ஸ். ஸ்டிஜியாவின் மணலில் எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள், சம்பாதிக்கிறார்கள்.

ஸ்டிஜியா எப்படி முடிந்தது என்றும் ஹோவர்ட் எழுதி வைத்திருக்கிறார். 'தி ஹைபோரியன் ஏஜ்' என்ற தன் கற்பனைச் சரித்திரக் கட்டுரையில். வடக்கிலிருந்து செம்பட்டைத் தலையோடு ஒரு கூட்டம் வந்தது. ஸ்டிஜியாவின் அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்தது. ஆண்டுகொண்டிருந்த எஜமானர்களைக் கவிழ்த்தது. அவர்களின் வம்சம்தான் பிற்பாடு எகிப்தின் ஃபாரோக்கள் ஆனார்களாம்!

ஆக, மோதிரம் போட்டவர்கள் மாறினார்கள். ஆற்றுக்குப் பேர் மாறியது, நாட்டுக்குப் பேர் மாறியது. தெருவில் குனிந்து நின்ற ஜனங்களுக்குக் கலகத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஹோவர்ட் ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பிரமிடு கட்டுவதற்குக் கல் சுமக்க ஆள் எங்கிருந்து கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்?